ஆழமில்லாத கடல், சிறிய கடற்படை: பின்லாந்து, எஸ்தோனியா ஐந்து நாள்

ஜூன் 11, புதன். ஹெல்சின்கி, சுவோமென்லின்னா

காலை பத்து மணிக்கு 13 டிகிரி. வெயில் பளிச்சென்று அடிக்கிறது, உடம்பில் ஏறவில்லை. சந்தைத் திடலின் படகுத்துறையில் காற்று நேராகக் கடலிலிருந்து வருகிறது. ஜூன் மாதம்தானே என்று பருத்திச் சட்டையோடு வருகிறவர்கள் இங்கே கால்மணி நேரம் நிற்க முடியாது. காற்றுப் புகாத மேல்சட்டையும் காதை மூடும் தொப்பியும் கட்டாயம்.

சுவோமென்லின்னா 1748-இல் சுவீடன் ஆட்சியில் கட்டத் தொடங்கிய கடற்கோட்டை. படகில் கால்மணி நேரம். நகரப் பேருந்துச் சீட்டே இதற்கும் செல்லும், மூன்று யூரோ சொச்சம். (யூரோ 98 ரூபாய் வாக்கில் இருந்த நேரம்.) வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டைச் சுவரையும் புல்வெளியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டு உலகப்போர்களுக்கு நடுவே ஒரு சிறிய கடற்படை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், பீரங்கி விரிகுடா என்று பொருள்படும் பெயருள்ள சின்ன வளைவின் கரைக்கு நடக்க வேண்டும். அங்கே கரைமேல் நிற்கிறது வெசிக்கோ என்ற நீர்மூழ்கி.

நீளம் 40.9 மீட்டர். கடல்மேல் மிதக்கும்போது எடை 254 டன். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், மூன்று டார்பிடோ குழாய்கள், மொத்தம் ஐந்து டார்பிடோக்கள். இந்த நீளத்தை மனதில் வைத்துக்கொண்டு பின்லாந்து வளைகுடாவின் சராசரி ஆழத்தைப் பாருங்கள்: 38 மீட்டர். கப்பலைச் செங்குத்தாக நிறுத்தினால் வால் தரையில் இருக்க, மூக்கு தண்ணீருக்கு மேலே இருக்கும். இங்கே ஓடிய கப்பல்கள் ஏன் இவ்வளவு சிறியவை என்று கேட்பவர்களுக்கு முதல் பதில் இந்த ஆழம்தான். பணம் இரண்டாவது பதில்.

பார்வையாளருக்காக உடலின் பக்கத்தில் வாசல் வெட்டியிருக்கிறார்கள். முதுகுப்பையோடு போக முடியாது, வெளியே வைத்துவிட வேண்டும். உள்ளே ஒருவர் பின் ஒருவராகத்தான் நகரலாம். வால்வுச் சக்கரங்கள் தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு கையால் மேலே தடவிக்கொண்டே நடப்பது நல்லது. வாசலில் இருந்த முதியவர் ஒவ்வொருவரிடமும் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி அனுப்பினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அது போதுமாக இருந்தது.

இதற்குள் பதினாறு பேர் வாழ்ந்தார்கள். டார்பிடோ இருக்கும் இடமும் படுக்கும் இடமும் ஒன்றே. காவல் முடிந்து ஒருவர் வந்ததும், படுத்திருந்தவர் எழுந்து போவார். அவர் சூடு ஆறாத படுக்கையில் இவர் படுப்பார்.

மூழ்குவதற்கு ஒரு வரிசை உண்டு. மேலே நிற்பவர்கள் இறங்கி மூடியைத் திருகி அடைக்க வேண்டும். டீசல் இயந்திரத்தை நிறுத்தி, அதன் காற்று வழியையும் புகை வழியையும் மூட வேண்டும். கிளட்சைப் பிரித்து மின்மோட்டாருக்கு மாற வேண்டும். பிறகு தொட்டிகளின் மேல்வால்வைத் திறந்தால் உள்ளே இருந்த காற்று வெளியேறி, அடியில் உள்ள துளைகள் வழியாகக் கடல்நீர் ஏறும். கிடைச் சுக்கான்கள் மூக்கைக் கீழே அழுத்தும். இதில் காற்று வழியை மூட மறந்தால் மற்ற எல்லாம் சரியாக நடந்தும் பயனில்லை, கடல் நேராக இயந்திர அறைக்குள் வந்துவிடும். மேலே வர, அழுத்திய காற்றைத் தொட்டிகளுக்குள் விட்டு நீரைக் கீழே தள்ளுவார்கள். அந்தக் காற்றும் மின்கலத்தில் உள்ள மின்சாரமும் தீர்ந்தால் திரும்ப நிரப்ப டீசல் ஓட வேண்டும், டீசல் ஓடக் கப்பல் மேலே வர வேண்டும்.

வெசிக்கோவின் பிறப்பு விசித்திரமானது. முதல் உலகப்போர் முடிந்த பிறகு, நீர்மூழ்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியைத் தடுத்தது. அதனால் ஜெர்மன் பொறியாளர்கள் நெதர்லாந்தில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தை முன்னிறுத்தி வெளிநாடுகளில் கட்டிப் பார்த்தார்கள். அப்படித் துர்கு நகரின் கிரிக்டன்-வல்கான் தளத்தில் 1933-இல் நீரில் இறங்கியது, CV-707 என்ற வெறும் எண்ணோடு. துர்கு தீவுக்கூட்டத்தில் ஜெர்மானியர்கள் அதை ஓட்டிச் சோதித்தார்கள். 1935 ஜூன் 18-இல், ஜெர்மனியும் நீர்மூழ்கி வைத்துக்கொள்ளலாம் என்று பிரிட்டன் அதோடு கடற்படை ஒப்பந்தம் செய்தது. பதினோரு நாளில், ஜூன் 29-இல், இதே அச்சில் வார்த்த யூ-1 என்ற நீர்மூழ்கி ஜெர்மன் கடற்படையில் சேர்ந்துவிட்டது. அச்சாக இருந்த வெசிக்கோவைப் பின்லாந்து 1936-இல் வாங்கிக்கொண்டது. ஒரு சிறிய நாடு பெரிய நாட்டின் சோதனைச்சாலையாக இருந்து, கடைசியில் சோதனைப் பொருளையும் விலைக்கு எடுத்துக்கொண்ட கதை இது. பின்லாந்துக்கு நட்டம் என்று சொல்ல முடியாது. கிடைத்தது நல்ல கப்பல்.

1947 பாரிஸ் உடன்படிக்கை பின்லாந்துக்கும் நீர்மூழ்கிகளைத் தடைசெய்தது. இருந்த ஐந்தில் மற்ற நான்கும் உடைக்கப்பட்டன. அவற்றில் சௌக்கோ என்பது வெறும் 99 டன். லதோகா ஏரியில் நூறு டன்னுக்கு மேற்பட்ட போர்க்கப்பல் கூடாது என்று பின்லாந்து சோவியத் ரஷ்யாவோடு செய்த 1920 தார்து உடன்படிக்கை சொன்னதால், அந்த ஒரு டன்னுக்குப் பயந்து கட்டியது. அது மிஞ்சியிருந்தால் வெசிக்கோவே பெரிதாகத் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்து சந்தைத் திடலில் சால்மன் சூப், 14 யூரோ. பால், உருளைக்கிழங்கு, வெந்தயக் கீரை போன்ற ஒரு தழை, கூடவே கருத்த ரை ரொட்டி. காரம் என்பதே கிடையாது, ஆனால் குளிருக்கு இதைவிட இதமானது எதுவும் இல்லை. அரிசிக்கஞ்சி வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரத்தை வாங்குகிறவர்கள் கூரைக்கு அடியிலேயே நின்று சாப்பிட வேண்டும். திறந்த வெளியில் கையில் பிடித்தால் கடற்காக்கை பின்னாலிருந்து வந்து பறித்துவிடும். இன்று ஒன்று அப்படிப் போனது. பக்கத்தில் நின்றவர் துடைக்கும் தாள் ஒன்றை நீட்டி, கூரையைக் காட்டிவிட்டு, தன் காபிக்குத் திரும்பிவிட்டார்.

இரவு பதினொன்றுக்கும் வெளியே படிக்கும் அளவு வெளிச்சம். இருட்டில் மட்டுமே மேலே வந்து மின்கலத்தை நிரப்பக்கூடிய ஒரு கப்பலுக்கு இந்த வெள்ளை இரவுகள் எப்படி இருந்திருக்கும்! ஜூனில் இருட்டே இல்லை. குளிர்காலத்தில் இருட்டு நிறைய உண்டு, ஆனால் கடல் உறைந்துவிடும். இந்தக் கடலில் நீர்மூழ்கிக்கு உகந்த மாதங்கள் ஒரு கையில் எண்ணத்தக்கவை.

ஜூன் 12, வியாழன். துர்கு

காலையிலிருந்து தூறல். ரயிலில் இரண்டு மணி நேரம். அருகில் காலி இடம் இருந்தும் யாரும் யார் பக்கத்திலும் உட்காரவில்லை. பெட்டி முழுக்க ஒரு நூலகம் போல இருந்தது.

ஔரா ஆற்றங்கரையில், துர்கு கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள கடல் அருங்காட்சியகத்தின் வாசலிலேயே மூன்று பாய்மரங்களோடு வெள்ளைக் கப்பல் நிற்கிறது: சுவோமன் யோட்சென், அதாவது பின்லாந்தின் அன்னம். 1902-இல் பிரான்சின் சான் நசேரில் சரக்குக் கப்பலாகக் கட்டியது. பிறகு ஜெர்மானியர் கைக்குப் போய், 1930-இல் பின்லாந்து வாங்கிப் பயிற்சிக் கப்பலாக மாற்றியது. 1931 முதல் 1939 வரை எட்டு நெடும்பயணங்கள். எட்டுக்கும் தலைவர் ஒருவரே, ஜான் கோன்கோலா.

டீசலும் மின்மோட்டாரும் வந்த காலத்தில் பாய்மரத்தில் எதற்குப் பயிற்சி என்று கேட்கத் தோன்றும். கரையோரத் தீவுகளுக்குள் மட்டுமே சுற்றிவரும் கடற்படைக்கு ஆழ்கடலே தெரியாமல் போகும் அபாயம் உண்டு. பெருங்கடலில் மாதக்கணக்கில் இருக்கவும், 52 மீட்டர் உயர மரத்தில் ஏறிக் காற்றில் பாய் சுருட்டவும், குறைந்த தண்ணீரில் குளிக்கவும், அந்நிய துறைமுகத்தில் தன் நாட்டுக் கொடியோடு நடந்துகொள்ளவும் கற்றுத்தர இதைவிட மலிவான பள்ளி அந்த நாட்டுக்குக் கிடைத்திருக்காது. காற்றுக்குக் காசு இல்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்களை ஒரே கப்பலில் வைத்துப் பழக்கலாம். மழையில் மேல்தளப் பலகை வழுக்குகிறது; ரப்பர் அடி போட்ட செருப்பு கூடாது, பள்ளம் வெட்டிய அடி உள்ள ஷூ வேண்டும்.

இந்த ஆற்று முகத்தில்தான் கிரிக்டன்-வல்கான் தளம் இருந்தது. வெசிக்கோ மட்டுமல்ல, பின்லாந்துக் கடற்படையின் பெருமையான வைனாமோய்னென், இல்மரினென் என்ற கவசக் கப்பல்களும் இங்கேயே பிறந்தன. அவற்றைப் புரிந்துகொள்ள 1925-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 4-ஆம் தேதி, ரஷ்யர்கள் விட்டுப்போன பழைய டார்பிடோ படகு எஸ்-2, போரி நகருக்கு வெளியே புயலில் கவிழ்ந்தது. 53 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஜார் காலத்துத் துருவை வைத்துக்கொண்டு பையன்களைக் கடலுக்கு அனுப்புகிறோம் என்ற கோபம் நாடெங்கும் எழுந்தது. அதுவரை பணம் இல்லை என்று தள்ளிப்போட்டுவந்த கடற்படைச் சட்டம் 1927-இல் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தின் பணத்தில் பெரும்பகுதி இந்த இரண்டு கவசக் கப்பல்களுக்குப் போனது. ஒவ்வொன்றும் 3,900 டன், 93 மீட்டர் நீளம். ஆனால் நீருக்குள் இறங்கும் ஆழம் 4.5 மீட்டர்தான். அதன்மேல் நான்கு 254 மில்லிமீட்டர் பீரங்கிகள், 225 கிலோ குண்டை 30 கிலோமீட்டர் வரை வீசக்கூடியவை. இவ்வளவு பெரிய பீரங்கி இவ்வளவு சிறிய உடலில் வேறெங்கும் அரிது. வேகம் மணிக்கு 14.5 கடல் மைல். ஓடித் துரத்துவதற்கான கப்பல் அல்ல அது. பாறைத் தீவுகளுக்கு நடுவே பதுங்கி நிற்கும் மிதக்கும் கோட்டை. ஆழம் குறைவாக இறங்குவதால் பாறைக்கு நடுவே நுழையலாம். அதே காரணத்தால் திறந்த கடலுக்கு வந்தால் தொட்டில் போல ஆடும். தூரம் அளக்க உயரமான கோபுரம் வேண்டும். கோபுரம் உயர உயரப் பாரம் மேலே ஏறும்.

கண்ணாடிக்குப் பின்னால் உள்ள மாதிரியைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் இது ஒரே பார்வையில் விளங்கும். கீழே தட்டையான உடல், மேலே ஒரு ஊர் கோபுரம்.

1941 செப்டம்பர் 13-இல் உத்தோ தீவுக்குத் தெற்கே இல்மரினென் கடல் கண்ணிவெடியில் சிக்கி ஏழே நிமிடத்தில் கவிழ்ந்தது. 271 பேர் இறந்தார்கள், 132 பேர் மீண்டார்கள். இரண்டு கப்பலில் முதலிட்டுவிட்டுத் துணைக்கப்பல்களுக்கும் கண்ணிகளை அகற்றும் கண்ணிவாரிகளுக்கும் போதிய பணம் வைக்காததன் விலை அது என்பது என் தீர்மானம். சோவியத்தோடு நடந்த 1939-40 குளிர்காலப் போரில் அவை உருப்படியாகச் செய்த வேலை, பனி உறைந்த துர்கு துறைமுகத்தில் நின்று நகரத்துக்கு விமான எதிர்ப்புக் காவல் தந்தது. பெரிய பீரங்கிகளுக்கு அங்கே வேலை இல்லை, சிறியவைதான் சுட்டன. வைனாமோய்னெனைப் போருக்குப் பிறகு சோவியத் எடுத்துக்கொண்டது, 1966-இல் உடைத்தார்கள். துர்குவில் இப்போது அதைத் தொட்டுப் பார்க்க எதுவும் நிற்கவில்லை.

வியாழன் என்பதால் மதிய உணவில் பட்டாணி சூப். பின்லாந்து முழுக்க வியாழன் பட்டாணி சூப் நாள். படைமுகாம்களிலும் அப்படித்தான், இன்றுவரை. காய்ந்த பச்சைப் பட்டாணியை ஊறவைத்துக் குழைய வேகவைத்தது. பச்சை வெங்காயத் துண்டு போட்டு, கடுகு விழுதைத் தட்டின் ஓரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். பிறகு அடுப்பில் சுட்ட தடித்த அப்பமும் பழக்கூழும். எல்லாம் சேர்த்து 12.50 யூரோ, காபி உட்பட. சூப்பில் பன்றி இறைச்சி இருக்கும். வேண்டாதவர்கள் முன்பே கேட்டால் பெரும்பாலும் தனிச் சட்டியில் காய்கறி சூப் இருக்கிறது. கப்பல் சமையலுக்கு இதைவிடப் பொருத்தமான உணவு கிடையாது: பட்டாணி கெடாது, ஒரே பாத்திரம் போதும், கப்பல் ஆடினாலும் கெட்டியான சூப் சிந்தாது.

ஜூன் 13, வெள்ளி. வளைகுடாவைக் கடந்து

தண்டவாள வேலை நடப்பதால் பாதி வழியில் ரயிலிலிருந்து இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரம் மூன்றரை ஆனது. அறிவிப்பு பின்னிஷில் மட்டும். எதிரே இருந்த கல்லூரிப் பெண் தானே எழுந்து வந்து ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பேருந்து வரை கூட நடந்து காட்டினாள். கேட்டால் தயங்காமல் உதவுகிறார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கிறார்கள். இவள் கேட்காமலே வந்தாள்.

மதியக் கப்பல் போய்விட்டது. மாலைக் கப்பலுக்கு மாற்ற 9 யூரோ. ஹெல்சின்கியிலிருந்து தாலின் சுமார் 80 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். மலிவான பீர் வாங்கத் தள்ளுவண்டியோடு போகும் பின்லாந்துக்காரர்கள் பாதிக்கு மேல்.

மேல்தளத்தில் நிற்க முடிந்தால் நில்லுங்கள். போர்க்கலா முனைக்கும் எஸ்தோனியாவின் நைஸ்ஸார் தீவுக்கும் இடையே கடல் சுமார் 36 கிலோமீட்டர்தான். 1930-களில் இரண்டு நாட்டுப் படைகளும் ரகசியமாகக் கூடி ஒரு திட்டம் வைத்திருந்தன. இரு கரையிலும் ஜார் விட்டுப்போன கரையோரப் பீரங்கிகள், நடுவில் கண்ணிப் பரப்பு, அதன் ஓரங்களில் நீர்மூழ்கிகள். இந்தக் கதவைச் சாத்தினால் லெனின்கிராடிலிருந்து (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வரும் சோவியத் கப்பற்படை உள்ளேயே நிற்கும். சிறிய நாடுகளுக்கு எட்டும் செலவில் இருந்த பெரிய எண்ணம் அது.

கதவின் தாழ்ப்பாள் கண்ணிதான். அது நீருக்கடியில் தானாகத் தன் ஆழத்தைக் கண்டுபிடிக்கும் விதம் அழகானது. கண்ணிக்குண்டும் அதன் கனத்த அடிப்பெட்டியும் ஒன்றாகக் கடலில் விழும். நீரில் குண்டு மேலேயே மிதக்கும். பெட்டி, கம்பி வடத்தை விட்டுக்கொண்டே கீழே இறங்கும். பெட்டிக்கு அடியில் ஒரு கயிற்றில் ஈயக்குண்டு தொங்குகிறது. கண்ணி மூன்று மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டுமானால் அந்தக் கயிறும் மூன்று மீட்டர். ஈயக்குண்டு தரையைத் தொட்டதும் வடத்தின் பூட்டு விழும். பெட்டிக்குத் தரை சேர இன்னும் மூன்று மீட்டர் பாக்கி. அந்த மூன்று மீட்டரும் கண்ணியைக் கீழே இழுத்துவிடும். கடலின் ஆழம் என்னவென்று யாரும் அளக்க வேண்டாம். தவறுவது எப்போது என்றால், தரை சேறாக இருந்து பெட்டி புதைந்தால், அல்லது நீரோட்டம் வடத்தைச் சாய்த்தால். அப்போது கண்ணி சொன்ன ஆழத்தைவிடக் கீழே நின்று கப்பலைத் தொடாமல் விட்டுவிடும். வடம் அறுந்தால் குண்டு மேலே வந்து எவரையும் பாராமல் மிதக்கும்.

குண்டின் மேல் உள்ள கொம்புகள் ஈயத்தாலானவை. உள்ளே கண்ணாடிக் குப்பியில் அமிலம். கப்பல் இடித்தால் ஈயம் வளையும், குப்பி உடையும், அமிலம் இரு தகடுகளுக்கு நடுவே பாய்ந்து அந்த நொடியில் ஒரு மின்கலம் பிறக்கும். எரிபொருள் வேண்டாம், காவல் வேண்டாம், ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்.

ஜூன் 14, சனி. தாலின், லென்னுசதாம்

16 டிகிரி, மேகம். காலை உணவு நிலையத்தருகே உள்ள பால்டிக் சந்தையில்: கருப்பு ரொட்டி மேல் வெண்ணெய், மசாலா ஊறல் போட்ட கிலு மீன், பாதி அவித்த முட்டை, வெங்காயத்தாள். கிலு நம் சூடை மீனின் உறவு, அளவில் இன்னும் சிறிது. மிளகு, கிராம்பு, பிரிஞ்சி இலை எல்லாம் சேர்ந்த ஊறல் என்பதால் நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். 5.20 யூரோ. சாக்லேட் தோல் போட்ட தயிர்க்கட்டி ஒன்று 80 சென்ட். நடக்கும் நாளில் பையில் நான்கு வைத்துக்கொள்ளலாம்.

லென்னுசதாம் என்றால் விமானத் துறைமுகம். ஜார் காலத்தில் கடல்விமானங்களை நிறுத்த 1916-17-இல் ஒரு டேனிஷ் நிறுவனம் கட்டிய கொட்டகை, இப்போது அருங்காட்சியகம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் மூன்று கான்கிரீட் குவிமாடங்கள், முட்டை ஓடு போல மெல்லியவை. நுழைவுக் கட்டணம் 20 யூரோவைத் தொடுகிறது. தரலாம். அரை நாள் ஒதுக்க வேண்டும்.

குவிமாடத்துக்கு அடியில் லெம்பித் என்ற நீர்மூழ்கி நிற்கிறது. 59.5 மீட்டர், 665 டன். வெசிக்கோவைப் பார்த்த கண்ணுக்கு மாளிகையாகத் தெரிகிறது.

இந்தக் கப்பல் வந்த வழியைத் தொடக்கத்திலிருந்து சொன்னால்தான் அதன் மதிப்பு தெரியும். எஸ்தோனியக் கடற்படை 1918 நவம்பரில் பிறந்தது. அமைத்தவர் யோஹான் பித்கா, வணிகக் கப்பல் தலைவராக இருந்தவர். கையில் பழைய பீரங்கிப் படகு ஒன்றுதான், அதன் பெயரும் லெம்பித். டிசம்பர் கடைசியில் சோவியத் நாசகாரிக் கப்பல் ஸ்பார்தக் தாலினைச் சுட வந்தது. எஸ்தோனியாவுக்குத் துணையாக வந்திருந்த பிரிட்டிஷ் கப்பல்களைக் கண்டதும் திரும்பி ஓடியது. ஓடும்போது முன்பீரங்கியை அளவுக்கு மீறிப் பின்பக்கம் திருப்பிச் சுட்டதில், தன் வெடி அதிர்ச்சியிலேயே தன் வரைபட அறை சிதறியது. வழி தெரியாமல் பேயின் முட்டை என்ற பாறைமேட்டில் ஏறி நின்றுவிட்டது. மறுநாள் அவ்த்ரொயில் என்ற இன்னொன்றும் பிடிபட்டது. பிரிட்டிஷார் இரண்டையும் எஸ்தோனியாவிடம் கொடுத்தார்கள். வம்போலா, லென்னுக் என்று புதுப் பெயர்கள்.

பத்து லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை உள்ள நாட்டுக்கு இரண்டு நாசகாரிகள். எண்ணெய் குடிக்கும் டர்பைன்கள், பழசாகும் பாய்லர்கள், நூற்றுக்கு மேற்பட்ட ஆட்கள் ஒவ்வொன்றிலும். பேரில் பெருமை, செலவில் பாரம். 1933-இல் கொலம்பியாவோடு சண்டையில் இருந்த பெரு நாட்டுக்கு இரண்டையும் விற்றார்கள். பின்லாந்து வளைகுடாவின் கப்பல்கள் பசிபிக் கரைக்குப் போயின. அதே ஆண்டு நீர்மூழ்கி நிதி தொடங்கியது. மக்களிடம் காசும் பழைய உலோகமும் திரட்டினார்கள். பிரிட்டனில் பாரோ ஊரின் விக்கர்ஸ்-ஆம்ஸ்ட்ராங் தளத்தில் காலெவ், லெம்பித் இரண்டும் 1936 ஜூலை 7-இல் ஒரே நாளில் நீரில் இறங்கின. மாலுமிகள் பிரிட்டனில் பயிற்சி பெற்று 1937-இல் கொண்டுவந்தார்கள்.

பித்கா காலத்தில் கிடைத்ததை வைத்துச் சமாளித்த கடற்படை, தனக்கு என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதிக் கொடுத்த முதல் கப்பல்கள் இவை. அந்த யோசனை ஒவ்வொரு இடத்திலும் தெரிகிறது. அணியத்தில் நான்கு டார்பிடோ குழாய்கள், எட்டு டார்பிடோக்கள். பக்கத் தொட்டிகளுக்குள் செங்குத்துக் குழாய்கள், அவற்றில் 20 கண்ணிகள். வெளியிலிருந்து பார்த்தால் கப்பலின் இடுப்பு புடைத்திருப்பது அதனால்தான். எதிரி கண்ணில் படாமல் நீருக்கடியிலிருந்தே கண்ணி போடலாம். நேற்றுச் சொன்ன கதவுக்கு இதைவிடப் பொருத்தமான சாவி கிடையாது. கோபுரத்துக்கு முன்னால் உள்ள 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி, நீர் புகாத கூண்டுக்குள் இறங்கி மூடிக்கொள்ளும். மற்ற நீர்மூழ்கிகளில் பீரங்கி உப்புநீரில் ஊறும், மேலே வந்ததும் வாய்மூடியைக் கழற்றித் துடைத்துத்தான் சுட முடியும்.

உள்ளே இறங்கினால் டீசல் நெடி இன்னும் இருக்கிறது. எதிரெதிரே இருவர் சந்தித்தால் ஒருவர் படுக்கை மேல் சாய வேண்டும். இன்று சனிக்கிழமை, குழந்தைகள் கூட்டம். மாலை நான்குக்குப் பிறகு காலியாகிறது. அப்போது டார்பிடோ அறையில் பத்து நிமிடம் தனியாக நிற்கக் கிடைத்தது. நாட்டு மக்கள் கொடுத்த பழைய இரும்பை நினைத்துக்கொண்டு அந்தக் குழாய் மூடிகளைத் தொட்டபோது மனம் கனத்தது.

1940-இல் சோவியத் இரண்டையும் எடுத்துக்கொண்டது. காலெவ் 1941-இன் கடைசியில் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. லெம்பித்தில் 1942 செப்டம்பரில் ஆழக்குண்டுத் தாக்குதலின்போது மின்கல அறையில் வாயு வெடித்துத் தீப்பிடித்தது. மின்கலம் நிரம்பும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றோட்டம் நின்று அது தேங்கினால் ஒரு பொறி போதும். சிலர் இறந்தும் கப்பல் திரும்பியது. 2011 மே வரை நீரில் மிதந்தது. கரையேற்றியபோது வயது 75-ஐ நெருங்கியிருந்தது.

ஜூன் 15, ஞாயிறு. தாலின்

நைஸ்ஸார் தீவுக்குப் படகு இல்லை. காற்று அதிகம் என்று துறையில் வந்த பிறகுதான் சொன்னார்கள். பணம் முழுதாகத் திரும்பக் கிடைத்தது, நாள் கிடைக்கவில்லை. அந்தத் தீவுக்குத் திட்டமிடுகிறவர்கள் கூடுதலாக ஒரு நாள் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் மறுபடி லென்னுசதாம். துறையில் கட்டியிருக்கும் பனியுடைப்புக் கப்பல் சூர் தோலுக்கு முழுக் காலையும் கொடுக்க முடிந்தது. 1914-இல் அன்றைய ஜெர்மனியின் ஸ்தெத்தினில் ஜாருக்காகக் கட்டியது. 75 மீட்டர். இடையில் பின்லாந்து கைக்குப் போய், தார்து உடன்படிக்கைப்படி 1922-இல் எஸ்தோனியாவுக்கு வந்தது. பெயர் சாரெமா தீவின் நாட்டுப்புறக் கதையில் வரும் பூதத்தின் பெயர். ஆறு பாய்லர்கள், மூன்று நீராவி இயந்திரங்கள். இரண்டு பின்னால், ஒன்று முன்னால். முன்பக்க விசிறி இழுப்பதற்கு மட்டுமல்ல. பனிக்கு அடியில் உள்ள நீரை உறிஞ்சி எடுப்பதால், தாங்குவது இல்லாமல் பனித்தட்டு தன் எடையிலேயே முறியும். கப்பல் மூக்கால் ஏறி அழுத்தும்போது வேலை எளிதாகிறது.

கரி அறையில் நின்றால் ஆட்களின் வேலை கண்முன் வரும். இங்கே கரியை மண்வாரியால் அள்ளி ஆறு பாய்லர்களின் வாய்க்குள் எறிந்தார்கள், நாலு மணி நேரம் ஒரு காவல். நடைபாதைக்கு மேலே போனால் அதிகாரிகளின் அறையில் மெருகு மரமும் பித்தளையும். இரண்டுக்கும் இடையே ஏழெட்டுப் படிகள்தான். போர்க்கப்பல்களின் பட்டியலில் இதன் பெயர் கடைசியில்தான் வரும். ஆனால் அன்று இது ஓடாவிட்டால் ஜனவரியில் எந்தத் துறைமுகமும் திறந்திருக்காது. அதனால் இந்தக் கரையில் அதற்குத்தான் என் முதல் மரியாதை.

மாலை, பக்கத்தில் உள்ள மீனிசதாம் வேலியோரம் நடை. கண்ணித் துறைமுகம் என்று பொருள், இன்றும் கடற்படைத் தளம். உள்ளே அனுமதி இல்லை, படம் எடுக்காமல் இருப்பது நல்லது. 1939 செப்டம்பரில் நடந்தது இந்தத் தாலின் துறைமுகத்தில்தான்: போலந்தின் ஓஜெல் நீர்மூழ்கி, உடல்நலமில்லாத தலைவரை இறக்க 14-ஆம் தேதி வந்தது. அதுவும் மக்கள் நிதியின் உதவியோடு கட்டிய கப்பல். எஸ்தோனியர்கள் நடுநிலைச் சட்டப்படி சிறைபிடித்து, வரைபடங்களையும் பீரங்கிப் பூட்டுகளையும் எடுத்தார்கள். டார்பிடோக்களை இறக்கிக்கொண்டிருந்தபோது தூக்கியின் வடம் அறுந்து வேலை நின்றது. அறுத்தவர்கள் கப்பலில் இருந்தவர்களே. 17-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் காவலர் இருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, கட்டியிருந்த வடங்களை வெட்டிப் புறப்பட்டார்கள். கலங்கரை விளக்கப் பட்டியலை மட்டும் வைத்து வரைபடம் வரைந்து பால்டிக்கைக் கடந்தார்கள். அந்தக் காவலர்களைச் சுவீடனின் கோத்லாந்து கரையில் பணமும் உணவும் கொடுத்து இறக்கிவிட்டார்கள். ஓஜெல் அக்டோபர் 14-இல் ஸ்காட்லாந்து சேர்ந்தது.

மாலுமித் திறமைக்கு அதைவிடச் சிறந்த சான்று தேட வேண்டாம். ஆனால் விலையைக் கட்டியவர் வேறு. உன் கடலை உன்னால் காக்க முடியவில்லை என்று சோவியத் எஸ்தோனியாவின் கழுத்தைப் பிடித்தது. செப்டம்பர் 28-இல் சோவியத் படைத்தளங்களுக்கு இடம் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டு நாடே போனது, லெம்பித்தும் காலெவும் கூடவே.

வேலிக்கு அப்பால் சாம்பல் நிறத்தில் ஒரு கண்ணிவேட்டைக் கப்பல் கட்டியிருக்கிறது, பக்கத்தில் அட்மிரல் கோவன் என்று பெயர். 1919-இல் இந்தக் கடலில் பிரிட்டிஷ் அணியை நடத்தி எஸ்தோனியர்களுக்குத் துணைநின்ற வால்டர் கோவன் பெயர்தான் அது. இரண்டு போரிலும் போட்ட கண்ணிகள் இன்னும் வளைகுடாவின் அடியில் இருக்கின்றன. மேல்தளத்தில் இரண்டு இளைஞர்கள் வடம் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று இன்னும் அடங்கவில்லை.